துயிலும் மதிப்பும்: பொருந்தா உறக்கமுடைய இல்லறம் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

இல்லறம் குறித்துப் பேசும் தமிழ் அறநூல்கள் அன்புடைமை, விருந்தோம்பல், மக்கட்பேறு, இனியவை கூறல் எனப் பலவற்றை வகுத்துரைக்கின்றன. ஆயின், ஒரே கூரையின்கீழ் வாழும் கணவனும் மனைவியும் வெவ்வேறு பொழுதில் உறங்கி, வெவ்வேறு பொழுதில் விழிக்க நேருமாயின் அவர்கள் ஒருவரையொருவர் எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்னும் வினாவை அவை தனியே எழுப்பவில்லை. கதிரவனே அனைவர்க்கும் பொழுது வகுத்த வேளாண் வாழ்வில் இவ்வினாவிற்குப் பெரிய தேவை எழவில்லை எனலாம். மின்விளக்கும் இரவுப் பணியும் பெருகிய நகர வாழ்விலோ இது நாள்தோறும் எதிர்ப்படும் வினாவாகியுள்ளது. ஒருவர் இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க விரும்புகிறார். மற்றவர் அப்போதுதான் நூலைக் கையிலெடுக்கிறார். ஒருவர் பணிமுடித்து விடியலில் வீடு திரும்புகிறார். மற்றவர் அதே விடியலில் பணிக்குப் புறப்படுகிறார்.

இதனை உடல்நலச் சிக்கலாகவோ வசதிக்குறைவாகவோ மட்டும் காண்பது போதாது. இருவர் உறக்கமும் ஒன்றையொன்று இடறும்போது, எவருடைய உறக்கம் காக்கப்படுகிறது, எவருடைய உறக்கம் கலைக்கப்படுகிறது என்பது அவ்வில்லத்தின் அறத்தை வெளிப்படுத்துகிறது. இக்கட்டுரை தமிழிலக்கிய மரபில் உறக்கம் பெற்றுள்ள இடத்தை முதற்கண் ஆராய்ந்து, பின்னர் பெங்களூரு நகரின் லிங்கராஜபுரம் போன்ற குடியிருப்புகளில் அமைந்துள்ள வாழ்நிலையோடு அதனைப் பொருத்திப் பார்க்க முற்படுகிறது.

துஞ்சுதல் என்னும் சொல்

துயில், உறக்கம், கண்படை, அனந்தல், துஞ்சல் எனத் தமிழில் உறக்கத்திற்குப் பல சொற்கள் உள. இவற்றுள் துஞ்சுதல் என்பது உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே குறிப்பது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என மன்னர் பெயர்களிலேயே இவ்வழக்கு நிலைபெற்றுள்ளது. வள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் (339) சாக்காட்டை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகிறார்.

இவ்வொப்புமையில் ஓர் அறவியல் உண்மை பொதிந்துள்ளது. உறங்குபவர் காணமாட்டார், விடையிறுக்க மாட்டார், தம் பொருட்டு வாதிடவும் மாட்டார். விழித்திருப்பவர் கையில் அவர் அடைக்கலப்பொருளாக இருக்கிறார். விழித்திருக்கும் ஒருவரை மதிக்கும்போது அம்மதிப்பை அவர் காண்கிறார். கைம்மாறாக ஒரு புன்னகையேனும் நல்குகிறார். உறங்குபவர்க்குச் செய்யும் மதிப்பு அவருக்கே தெரியாது. ஆகலின் கைம்மாறு கருதாத மதிப்பிற்கு உறங்குபவரை நடத்தும் முறையே சிறந்த உரைகல் ஆகிறது.

உறக்கத்தைக் காப்பதும் கலைப்பதும் தகுதியை ஒட்டி அமைந்தன என்பதற்கும் இலக்கணச் சான்று உண்டு. தொல்காப்பியர் பாடாண்திணையுள் கண்படைநிலை, துயிலெடைநிலை என்பவற்றைக் குறிப்பிடுகிறார். மன்னன் துயிலச் செல்வதும் பாட்டிற்குரிய பொருள். சூதர் ஏத்த அவன் துயிலெழுவதும் பாட்டிற்குரிய பொருள். இம்மரபே பின்னர் இறைவன்மேல் ஏற்றப்பெற்றுத் தொண்டரடிப்பொடியாழ்வார், மாணிக்கவாசகர் ஆகியோரின் திருப்பள்ளியெழுச்சிகளாக மலர்ந்தது. உயர்ந்தோரை எழுப்புதற்குப் பாட்டு வேண்டும். எளியோரை எழுப்புதற்கு ஓர் அதட்டலே போதும் என்பது இதன் மறுபுறம். இல்லத்திற்குள்ளும் இவ்வேறுபாடு நுழைந்துள்ளதா என்பதே நம் முன்னுள்ள வினா.

அகமரபில் துயிலாமை

அகப்பாடல்களில் துயிலாமை பெரிதும் பேசப்படுகிறது. குறுந்தொகை ஆறாம் பாடலில் பதுமனார் படைத்த தலைவி, நள்ளிரவில் உலகமெல்லாம் துயில, தான் ஒருத்தியே துயிலாமையைச் சொல்கிறாள். அதே தொகையில் கொல்லன் அழிசியின் பாடல் (138), ஊர் உறங்கியும் உறங்காதவர் மரத்தினின்று பூ உதிரும் ஓசையையும் கேட்டிருந்ததைக் காட்டுகிறது. வள்ளுவர் படைத்த தலைவி எல்லா உயிர்களையும் துயிலச்செய்துவிட்டுத் தன்னையன்றித் துணையில்லாது நிற்கும் இரவுக்கு இரங்குகிறாள் (1168). காதலர் வாராதபோதும் கண்கள் துயிலா, வந்தபோதும் துயிலா என்று மற்றொரு குறள் (1179) கூறுகிறது.

நக்கீரரின் நெடுநல்வாடையில் தலைவனும் தலைவியும் ஒரே நள்ளிரவில் இருவேறிடங்களில் விழித்திருக்கின்றனர். தலைவி அரண்மனைக் கட்டிலில் துயரோடு இருக்கிறாள். தலைவன் பாசறையில் தூறல் நனைக்கப் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறி வருகிறான். பிரிந்திருந்தும் விழிப்பில் இருவரும் ஒத்திருக்கின்றனர்.

இவ்விலக்கியங்களை ஒருங்கே நோக்கின் ஒன்று புலனாகிறது. இருவர் உறக்கம் ஒவ்வாமைக்கு நம் அகமரபு அறிந்த காரணங்கள் முதன்மையாக இரண்டு. ஒன்று பிரிவு. மற்றொன்று பரத்தையிற் பிரிவால் விளையும் மருதத்து ஊடல். மருதத்திற்கு வைகறையும் விடியலும் சிறுபொழுதாக அமைந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. கணவன் விடியலில் வீடு திரும்பின் அது தவற்றின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. அன்பு நிறைந்த இருவர், ஒரே வீட்டில், எத்தவறும் இன்றி, வெவ்வேறு பொழுதில் உறங்கும் நிலைக்கு அம்மரபில் தனித்துறை இல்லை.

இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. கணவன் நெடுநேரம் விழித்திருப்பின் 'என்னை விலக்குகிறாரோ' என்று மனைவி ஐயுறுவதும், மனைவி விரைந்து உறங்கிவிடின் 'என்மேல் அக்கறையில்லை' என்று கணவன் மனங்குறைவதும் உறக்கத்தை அன்பின் குறியீடாகப் படிக்கும் பழக்கத்தால் விளைவன. ஒத்த பொழுதில் உறங்குதல் அன்பிற்குத் துணையாகலாம். அதுவே அன்பின் அளவுகோல் ஆகாது.

பின்தூங்கி முன்னெழுதல்

பொருந்தா உறக்கத்தை மரபு அறியவே இல்லை என்றும் கூறவியலாது. ஒருவகைப் பொருந்தாமையை அது விதியாகவே ஆக்கியுள்ளது. கணவனுக்குப் பின் உறங்கி அவனுக்கு முன் எழுதல் மனைவியின் கற்பொழுக்கமாகப் போற்றப்பட்டது. வள்ளுவர் தம் மனைவியின் மறைவுக்கு இரங்கியதாக வழங்கும் தனிப்பாடல் இப்பண்பையே அவள் சிறப்புகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. மகாபாரதத்து வனபருவத்தில் திரௌபதி சத்தியபாமைக்குத் தன் இல்லொழுக்கத்தை விளக்குமிடத்தும் முதலில் எழுந்து இறுதியில் உறங்குதல் இடம்பெறுகிறது. எனவே இது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இந்திய மரபு முழுவதற்கும் பொதுவானது.

இவ்விதியின் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். இதன்படி கணவனின் உறக்கம் நிலையானது. மனைவியின் உறக்கம் அதனைச் சுற்றி வளைந்துகொடுப்பது. அவன் விழித்திருக்கும் வரை அவளும் விழித்திருப்பாள். அவன் எழுமுன் அடுப்பெரிந்திருக்கும். அன்பினால் ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் தொண்டு போற்றத்தக்கதே. ஆயின் ஒருவரிடம் மட்டும் காலமெல்லாம் எதிர்பார்க்கப்படும் தொண்டு தொண்டாக நில்லாது கடமையாக இறுகுகிறது. பின் எவரும் அதனைக் காண்பதில்லை. காணப்படாத ஒன்றுக்கு நன்றியும் இல்லை.

இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நிகழ்த்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 என அமைந்தன. ஐந்தாண்டுகளில் இருபாலரின் நேரமும் சற்றே குறைந்ததேயன்றி இடைவெளி குறிப்பிடத்தக்க அளவில் சுருங்கவில்லை. ஊதியப் பணியும் மேற்கொள்ளும் பெண்ணுக்கு இந்நேரம் எங்கிருந்து கிடைக்கும் என்று வினவின், உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் என்பதைத் தவிர வேறு விடை காண்பது அரிது.

இரு வாள்கள்

உறங்குபவரை விழித்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதற்கு நம் இலக்கியம் இரண்டு எதிரெதிர்க் காட்சிகளைத் தருகிறது. இரண்டிலும் விழித்திருப்பவன் மன்னன். இரண்டிலும் வாள் இடம்பெறுகிறது.

முதலாவது நளன் கதை. புகழேந்தியின் நளவெண்பா வழித் தமிழர் நன்கறிந்த கதை அது. நாடிழந்த நளன் கானகத்தில் ஓராடையைத் தமயந்தியோடு பகிர்ந்துடுத்தித் துயில்கிறான். நள்ளிரவில் எழுந்து ஆடையை வாளால் அரிந்து அவளைத் துயிலிலேயே விட்டு நீங்குகிறான். தன்னோடு அவள் துன்புற வேண்டா என்னும் எண்ணமும் அவனிடம் உண்டு. ஆயினும் அவள் வாழ்வு பற்றிய முடிவை அவள் உறங்கும்போது அவன் எடுக்கிறான். அவளிடம் கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள். அதனை அறிந்தே அவன் கேளாது செல்கிறான். உறங்குபவரின் இயலாமையைத் தன் முடிவிற்குப் பயன்படுத்திக்கொள்ளல் இது.

இரண்டாவது புறநானூற்று ஐம்பதாம் பாடல். முரசினை நீராட்டக் கொண்டு சென்றிருந்த வேளையில், அதற்குரிய கட்டில் என்பதறியாது புலவர் மோசிகீரனார் அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். அது வாளால் ஒறுத்தற்குரிய குற்றம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை ஒறுக்கவில்லை. எழுப்பவும் இல்லை. அவர் தாமே துயிலெழுமளவும் கவரிகொண்டு வீசி நின்றான்.

இப்பாடலில் புலவர் காட்டும் நுண்ணிய வேறுபாடு நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. கொல்லாது விட்டதே மன்னன் தமிழறிந்த பெருமைக்குப் போதுமானது என்றும், அவன் அவ்வளவில் அமையாது அணுகி விசிறியும் நின்றான் என்றும் அவர் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார். தீங்கு செய்யாமை ஒன்று, காத்தல் மற்றொன்று. இல்லறத்திலும் இவ்விரு படிகளும் உள. துணைவரின் உறக்கத்தைப் பழியாமல், எள்ளாமல், வேண்டுமென்றே கலைக்காமல் இருத்தல் முதற்படி. அவ்வுறக்கம் நிறைவுற வழிசெய்தல் இரண்டாம்படி. கதவை ஓசையின்றிச் சாத்துவதும், விளக்கை மறைத்து வைப்பதும், வாயிலில் வந்தவரைத் தாமே எதிர்கொள்வதும் இக்காலத்துக் கவரிகள் எனலாம்.

மன்னனிடம் உரிமை இருந்தது என்பதும் கருதத்தக்கது. எழுப்பும் உரிமை உடையவர் அதனைப் பயன்படுத்தாது நிற்கும்போதுதான் மதிப்பு பிறக்கிறது. வலியற்றவர் ஓசையெழாது நடப்பது அச்சத்தால் நிகழலாம். எனவே ஓர் இல்லத்தில் அமைதி நிலவுகிறது என்பது மட்டும் மதிப்பிற்குச் சான்றாகாது. யாருக்காக யார் அமைதி காக்கிறார் என்பதை நோக்குதல் வேண்டும்.

மடியும் இயல்பும்

காலந்தாழ்ந்து எழுபவரைச் சோம்பர் எனல் உலக வழக்கு. வள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் (605) நெடுநீர், மறவி, மடி, துயில் என்னும் நான்கையும் கெடுவார் விரும்பியேறும் கலமாக உருவகிக்கிறார். மடியையும் துயிலையும் அவர் வேறு வேறாக எண்ணியுள்ளார் என்பது முதலில் கருதத்தக்கது. அவ்வதிகாரம் இல்லறவியலில் வைக்கப்பெறாமல் பொருட்பாலின் அரசியலில் அமைந்தது என்பது இரண்டாவது. செயல் வேண்டிய காலத்து உறங்கிக் கிடத்தலை அது கடிகிறது. உரிய அளவு உறங்கி, உரிய பணி முடித்து, ஆனால் மற்றவரினின்று வேறான பொழுதில் அதனைச் செய்பவரைக் கடிதற்கு அக்குறளைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

உறங்கும் பொழுது ஒருவரின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று என்பது அறிவியல் நிறுவிய உண்மை. 1971இல் கொனோப்கா, பென்சர் ஆகியோர் பழ ஈக்களின் நாளொழுங்கை மாற்றும் மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தனர். அவ்வொழுங்கு இயங்கும் மூலக்கூற்று முறையை விளக்கியமைக்காக ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. தமிழகத்திற்கும் இத்துறையில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களின் நாளொழுங்கை ஆராய்ந்ததோடு, வெளியுலகப் பொழுதை அறியவொண்ணாத தனியறையில் மனிதரைத் தங்கவைத்தும் ஆய்வு நிகழ்த்தினார். பின்னர் அவர் பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் பணியாற்றினார். உடலுக்குள் இயங்கும் கடிகாரம் ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடுவது, வளரிளம் பருவத்தில் பிந்துவது, முதுமையில் முந்துவது.

இவ்வேறுபாடு குறையன்று, காப்பு என்று கருதவும் இடமுண்டு. தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களுள் வயதுவந்த 33 பேரை 20 நாள்கள் கண்காணித்து 2017இல் வெளியிடப்பெற்ற ஆய்வு, அந்நாள்கள் முழுவதிலும் அனைவரும் ஒருசேர உறங்கிய நேரம் 18 நிமிடங்களே என்று தெரிவித்தது. எவரேனும் ஒருவர் விழித்திருத்தல் கூட்டத்திற்குக் காவலாயிற்று என்பது அவ்வாய்வாளர்தம் விளக்கம். ஆகவே தாமதமாக உறங்குபவரும் விரைந்து எழுபவரும் ஒருவரையொருவர் திருத்த முயல்வதற்கு முன், திருத்தத்தக்க பிழை ஒன்று உண்டா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

லிங்கராஜபுரத்துப் பகலுறக்கம்

பெங்களூருவின் வடகிழக்கே, கம்மனஹள்ளிக்கும் குக் டவுனுக்கும் அணித்தே அமைந்தது லிங்கராஜபுரம். இருப்புப்பாதையின் மேலாகச் செல்லும் மேம்பாலமே பலர்க்கும் இப்பகுதியின் அடையாளம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இப்பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வாடகை வீடுகள் மிகுதி. நகரின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் காவற்பணியிலும் இரவில் உழைப்போர் இத்தகைய வீடுகளுக்கே விடியலில் திரும்புகின்றனர். நியூயார்க்கில் குளிர்காலத்துக் காலை ஒன்பது மணி இங்கே இரவு ஏழரை மணி. அங்குள்ள அலுவலகத்தோடு இணைந்து பணிபுரிபவர்க்கு உறக்கம் பகலில்தான் வாய்க்கும்.

பகலுறக்கம் கருநாடகத் தமிழர்க்குப் புதியதன்று. 2001இல் மூடப்படும்வரை கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் முறைவைத்து இரவும் பகலும் சுரங்கத்துள் இறங்கினர். அங்கே சுரங்கத்துள் இறங்கியவர் ஆடவர். அவர் பகலுறக்கத்தைக் காத்தவர் மகளிர். இன்று இரவுப் பணிக்குச் செல்பவர் இருபாலரும் ஆவர்.

சட்டமும் இம்மாற்றத்திற்கு இடங்கொடுத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு மாலை ஏழு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே பெண்கள் பணிபுரிவதைத் தடுத்திருந்தது. அத்தடை அரசியலமைப்பிற்கு முரணானது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டுக் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 2002இல் திருத்தப்பெற்றுத் தகவல் தொழில்நுட்பத் துறையில் பெண்கள் இரவில் பணிபுரிய வழி ஏற்பட்டது. பாதுகாப்பான ஊர்தி முதலியவற்றை இத்தகைய ஏற்பாடுகள் வற்புறுத்தின. பெண் இரவில் வீடு வந்து சேர்வதைச் சட்டம் கருதிற்று. வந்து சேர்ந்தபின் அவள் பகலில் உறங்குவாளா என்பதை எச்சட்டமும் கருதவியலாது. அது வீட்டாரின் அறத்திற்கே விடப்பட்டுள்ளது.

இத்தகைய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். இரவுப் பணி முடித்த கணவன் காலை எட்டு மணிக்குப் படுக்கிறான். குழந்தை விளையாடின் 'அப்பா தூங்குகிறார்' என்று அடக்கப்படுகிறது. தொலைக்காட்சி ஒலி குறைக்கப்படுகிறது. அதே வீட்டில் இரவுப் பணி முடித்துத் திரும்புபவள் மனைவியாயின், நந்தினிப் பால் உறையைக் கையிலெடுத்துக்கொண்டே அவள் உள்ளே நுழைகிறாள். காவிரி நீர் திறக்கப்படும் நேரம் அவளுக்கே நினைவிருக்கிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியபின் படுத்தாலும், எரிவாயு உருளை கொணர்பவர் அழைப்பது அவளைத்தான். எல்லா வீடுகளும் இவ்வாறென்று பொதுமைப்படுத்தல் தகாது. எனினும் இவ்விரு காட்சிகளுள் முன்னது இயல்பாகவும் பின்னது 'என்ன செய்வது' என்னும் பெருமூச்சாகவும் ஏற்கப்படுவதில் பின்தூங்கி முன்னெழும் பழைய விதி உருமாறி வாழ்வதைக் காணலாம்.

தனியறை இருந்தால் இச்சிக்கல் தீரும் என்பது வசதியுடையோர் விடை. ஓரறை வீட்டில் வாழ்வோர்க்கு அவ்விடை பயன்படாது. அங்கே குக்கரின் சீழ்க்கை எழும் நேரத்தைக்கூடப் பேசி முடிவு செய்தாக வேண்டும். இடம் குறையுந்தோறும் மதிப்பின் தேவை மிகுகிறது.

ஒரு மறுப்பும் விடையும்

இருவரும் தத்தம் பொழுதில் தடையின்றி உறங்குவதே முடிந்த முடிபாயின், அது ஒரே வீட்டில் வாழும் இரு வாடகையாளர் வாழ்வாகிவிடாதா எனச் சிலர் வினவலாம். இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. இராமகாதை மரபில் இலக்குவன் பதினான்காண்டுகள் துயிலாது காத்து நின்றான் என்பர். தெலுங்குப் பெண்டிர் பாடும் ஊர்மிளை துயில் பாடலோ, அப்பதினான்காண்டுகளும் ஊர்மிளை அயோத்தியில் துயின்றே கிடந்ததாகக் கூறுகிறது. ஒருவர் முழு விழிப்பு; மற்றவர் முழு உறக்கம். மீண்டு வந்த கணவன் அவள் கட்டிலருகே வந்து நின்றபோது அவளால் அவனை அடையாளம் காண முடியவில்லை. அயலான் என்றே அஞ்சினாள். பொருந்தா உறக்கம் எல்லை மீறின் நேரும் இழப்பை இதனினும் தெளிவாக உணர்த்தும் கதை அரிது.

ஆகவே துயிலைக் காப்பது பாதி அறமே. இருவரும் விழித்திருக்கும் பொழுதொன்றை உண்டாக்கிக் கொள்வது மற்றப் பாதி. காமத்துப்பாலை வள்ளுவர் ஊடலுவகையில் நிறைவு செய்கிறார். ஊடுதற்கும் ஊடல் தீர்தற்கும் இருவரும் விழித்திருத்தல் வேண்டும். விடியலில் ஒருவர் வீடு சேர்ந்து மற்றவர் புறப்படுமுன் அமையும் அரைமணி நேரத் தேநீர்ப் பொழுதும் இதற்குப் போதுமானதாகலாம். அப்பொழுதின் சுமையை இருவரும் சமமாக ஏற்றல் வேண்டும். எப்போதும் ஒருவர் உறக்கத்தையே வெட்டி அதனை உண்டாக்கலாகாது. இன்று ஒருவர் அரைமணி பிந்திப் படுத்தால், நாளை மற்றவர் அரைமணி முந்தி எழுதல் நேர்மை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. ஒத்த பொழுதில் உறங்குதல் அன்பின் அளவுகோல் அன்று. பொருந்தா உறக்கம் அன்பின்மைக்கோ மடிக்கோ சான்றும் அன்று. எவருடைய உறக்கம் கலைக்கத்தக்கதாகக் கருதப்படுகிறது என்பதே ஓர் இல்லத்தில் நிலவும் மதிப்பை அளக்கும் கோல். மனைவியின் உறக்கத்தை மட்டும் நெகிழ்வுடையதாக்கிய மரபு இவ்வளவையில் குறைபடுகிறது. அம்மரபிற்குள்ளேயே, எழுப்பும் உரிமையுடையவன் எழுப்பாது நின்ற புறநானூற்றுக் காட்சி அதற்கு மாற்றாக விளங்குகிறது. தீங்கு செய்யாமை, காத்தல், பொதுப்பொழுதை இருவரும் சமமாகப் படைத்தல் என்னும் மூன்றும் இயைந்த இடத்தில் உறக்க வேறுபாடு இல்லறத்திற்குத் தடையாகாது.

இரும்பொறை விசிறியதை உறங்கிய புலவர் அறியார். விழித்தபின் அறிந்தார், பாடினார். இல்லறத்தில் இத்தகைய தொண்டுகளுட் பல என்றும் அறியப்படாமலேயே போகும். அறியப்படாதபோதும் அவற்றைச் செய்ய ஒருவர் ஒருப்படுவாராயின், அவ்வில்லத்தில் மதிப்பு என்பது சொல்லளவில் நில்லாது ஒழுக்கமாகிவிட்டது எனத் துணியலாம்.